காது போன தேதியும் காசு வரும் தேதியும்

பட்டாளத்தில் பீரங்கியின் பக்கத்தில் நின்று காதை இழந்து வந்த ஒருவனுக்கு ஊனப் பென்ஷன் உண்டு என்பதை நமது சர்க்கார் மறுப்பதில்லை. விதிகள் உண்டு, வைத்திய போர்டு உண்டு, அலகாபாத்தில், இப்பொழுது பிரயாக்ராஜ் என்று வழங்கும் நகரில், ராணுவப் பென்ஷன் கணக்கைப் பார்ப்பதற்கென்றே பெரியதொரு காரியாலயமும் உண்டு. தகராறெல்லாம் ஒரு சிறு விஷயத்தைப் பற்றியதே. எந்தத் தேதியிலிருந்து கொடுப்பது? காது கெட்ட நாளிலிருந்தா, பட்டாளத்தை விட்டு வந்த நாளிலிருந்தா, மனுப் போட்ட நாளிலிருந்தா, அல்லது கோர்ட்டுப் படி ஏறிய நாளிலிருந்தா? இது குமாஸ்தாக்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் பதினைந்து இருபது வருஷத்துப் பணம் ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் இந்த ஒரு தேதியில் அடங்கியிருக்கிறது.

ராமநாதபுரம் ஜில்லாவைப் பற்றி வாசகர்களுக்கு நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வைகை இங்கே வந்து சேரும்பொழுது பெரும்பாலும் மணலாகவே வந்து சேருகிறது. கண்மாய் நிறைந்த வருஷத்தில் ஒரு போகம். நிறையாத வருஷத்தில் சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரி சுட்டு விற்பது. கரையோரத்தில் இருப்பவன் வலையை நம்புகிறான். முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடிப் பக்கங்களில் இருப்பவனோ, மீசை அரும்பியதும் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் நாள் எதுவென்று விசாரிக்கிறான். 1987 அக்டோபரில் இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் சண்டையில் இறங்கியபொழுது, ராமேசுவரத்தாருக்கு அது கடலுக்கு அடுத்த கரையில் நடந்த யுத்தம். 1990 மார்ச்சில் அப்படை திரும்பிற்று. 2009-ல் உச்சிப்புளியில் கடற்படையின் ‘பருந்து’ விமான தளம் ஏற்பட்டது. காது துப்பாக்கியால் மட்டும் கெடுவதில்லை. ஹெலிகாப்டரின் அருகில் நின்று வேலை செய்பவனுக்கும், கப்பலின் எஞ்சின் அறையில் இருப்பவனுக்கும், டாங்கிக்குள் அடைபட்டுக் கிடப்பவனுக்கும் அதே கதிதான். (மண்டபத்தில் நாம் காணும் கடலோரக் காவற்படையினருக்கு விதிகள் வேறு, ராணுவ ட்ரிப்யூனலின் கதவு அவர்களுக்குத் திறப்பதில்லை. அவர்கள் விஷயத்தைத் தனியே எழுத வேண்டும்.)

சில மாதங்களுக்கு முன் முதுகுளத்தூர் தாலுகாவிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து பெரியவர் ஒருவர் தகரப் பெட்டியும் கையுமாக நமது காரியாலயத்துக்கு வந்தார். பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நாம் பேசத் தொடங்கியதும் கையைக் காதண்டை குவித்துக்கொண்டு, “ஐயா, கொஞ்சம் ஒரக்கப் பேசுங்க. சத்தம் கேக்குது, பேச்சு வெளங்கல” என்றார். பெட்டியிலிருந்த காகிதங்களுள் ஒன்று அவர் வெளியேறிய காலத்து வைத்திய போர்டின் நடவடிக்கை. இரு காதும் மந்தம். ஊனம் இருபது சதவீதம். ஆயுள் முழுவதும் நீடிக்கும். அதற்கடியில் ஒரு வரி: இது பட்டாள சேவையால் ஏற்பட்டதுமன்று, சேவையால் அதிகப்பட்டதுமன்று. காரணம் ஒன்றும் எழுதப்படவில்லை. ஊனப் பென்ஷன் இல்லை என்று தெரிவித்த கடிதமும் அதனுடன் இருந்தது.

“அப்பொழுதே ஏன் அப்பீல் செய்யவில்லை, பெரியவரே?” என்று கேட்டோம், கேட்டதை இரண்டாம் முறையும் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

“ஆபீசர் கையெழுத்துப் போட்ட காகிதம்யா. அதுக்கு மேல யாருக்கு எழுதுறது?” என்றார்.

இருபது வருஷங்களுக்கு மேல் அந்தக் காகிதம் தகரப் பெட்டியில் உறங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதிய அதை அவருடைய பேரன் படித்துச் சொன்ன பிறகே, தமக்குச் சேர வேண்டியது ஏதோ சேரவில்லை என்ற சந்தேகம் அவருக்கு உண்டாயிற்று.

சட்டத்திற்குப் போகுமுன் காதைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஏனெனில் தேதி விவகாரத்தின் வேர் காதிலேயே இருக்கிறது. உட்காது நத்தைக்கூட்டைப் போன்றது. அதனுள் நுண்மயிர் போன்ற முனைகளுடைய உயிரணுக்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கின்றன. ஒலி வந்து அசைக்கும்பொழுது அவையே செய்தியை நரம்புக்குச் சொல்லுகின்றன. மனிதனுக்கு அவை ஒரு முறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. 140 டெசிபலைத் தாண்டிய வெடி ஒன்றே காதைக் கெடுக்கப் போதும் என்பது வைத்தியர்கள் ஒப்புக்கொண்ட அளவு. ரைஃபிளை வெடிப்பவனின் காதருகில் சப்தம் 150 டெசிபலுக்கு மேல் போகிறது. பீரங்கி அதற்கும் மேல். இவ்வாறு கெடும் காது எல்லா ஒலியையும் ஒரே சீராக இழப்பதில்லை. முதலில் 4000 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள உயர்ந்த ஒலிகளிலேயே பள்ளம் விழுகிறது. உயிரெழுத்துக்களின் ஓசை தாழ்ந்தது, அது கேட்கும். க, ச, த, ப என்பவற்றை ஒன்றினின்று ஒன்று பிரித்துக் காட்டும் நுண்ணொலிகள் உயர்ந்தவை, அவை கேட்கமாட்டா. ஆகையால் பேசுவது கேட்கும், சொல் விளங்காது. சட்டியா, பட்டியா, தட்டியா என்று தெரியாமல் விழிப்பவனை வீட்டிலுள்ளோர் ‘கவனமில்லாத கிழவன்’ என்கிறார்கள். இதனோடு ஓயாத இரைச்சல் ஒன்றும் காதுக்குள் குடிபுகுந்துவிடும். அதை அளக்கும் கருவி இன்னும் ஏற்படவில்லை; அனுபவிப்பவன் சொல்லித்தான் பிறர் அறிய வேண்டும்.

இதில் வக்கீல்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பட்டாளத்துச் சிப்பாய் பெரும்பாலும் நாற்பது வயதையொட்டி வீட்டுக்கு வந்துவிடுகிறான். அந்த வயதில் எடுத்த செவிப் பரிசோதனை வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸில் பள்ளம் விழுந்து, அதற்கு மேலே கோடு மறுபடி ஏறியிருந்தால், அது வெடிச் சப்தத்தின் கைவேலை என்று கண்டுகொள்வது எளிது. அவனே எழுபது வயதில் பரிசோதனைக்குப் போனால், முதுமையும் அதே உயர்ந்த ஒலிகளையே தின்றிருக்கும். பள்ளமும் சரிவும் ஒன்றாகிப் போயிருக்கும். எது பீரங்கியின் பங்கு, எது வயதின் பங்கு என்று எந்த நிபுணரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. எனவே, வெளியேறும் நாளில் பட்டாளத்து டாக்டர் எடுத்த அந்த ஒரு வரைபடமே இந்த வழக்குகளின் உயிர். அது இருப்பதோ சர்க்காரின் பெட்டியில்.

இனி விதிகள். 1961-ம் வருஷத்து ராணுவப் பென்ஷன் விதிகளில் 173-வது விதி, சேவையால் ஏற்பட்ட அல்லது சேவையால் அதிகப்பட்ட ஊனம் இருபது சதவீதத்துக்குக் குறையாமல் இருந்து, அதன் காரணமாக ஒருவன் வெளியேற்றப்பட்டால் ஊனப் பென்ஷன் உண்டு என்கிறது. சேவைக் காலத்தை முடித்து ஊனத்தோடு வெளிவருபவனுக்கும் ஊனத்துக்குரிய பகுதி உண்டு. 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டார் தரம்வீர் சிங் வழக்கில் சொன்ன தீர்ப்பு இவ்விஷயத்தில் பெரியதொரு வெளிச்சம். சேரும்பொழுது எழுதப்படாத நோய் வெளியேறும்பொழுது காணப்பட்டால் அது சேவையில் வந்ததென்றே கொள்ள வேண்டும். சிப்பாய் நிரூபிக்க வேண்டுவதில்லை. இல்லையென்று சொல்லும் போர்டு காரணம் காட்ட வேண்டும். சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கே. அதற்கு இருபது வருஷம் முன்னதாகவே, 1993-ல் மொஹிந்தர் சிங் வழக்கில், வைத்திய போர்டின் முடிவை, நோயாளியைக் கண்ணாலும் பாராத கணக்கு உத்தியோகஸ்தர் மாற்றி எழுதுவது தகாது என்று அதே கோர்ட்டார் சொல்லியிருக்கின்றனர். 2014 டிசம்பர் 10-ல் ராம் அவதார் வழக்கில், இருபது சதவீதத்தை ஐம்பதாக உயர்த்திக் கணக்கிடும் சலுகை காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்க்கும் உண்டு என்று தீர்ந்தது. 2006-க்குப் பிந்திய கணக்கின்படி நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் நூற்றுக்கு முப்பது. நாற்பதினாயிரம் ரூபாய் சம்பளம் வாங்கியவனுக்கு இருபது சதவீதமென்றால் மாதம் 2,400 ரூபாய். ஐம்பதாக உயர்த்தினால் 6,000. (2023 செப்டம்பர் 21-லிருந்து புதிய விதிகள் அமுலுக்கு வந்திருக்கின்றன. அவற்றின் கீழ் வெளியேறுவோர் அவற்றையே பார்க்க வேண்டும். நாம் இங்கே பேசுவது அதற்கு முன் வந்தவர்களைப் பற்றியது.)

ஆக, உரிமை உண்டு என்ற மட்டில் கோர்ட்டுகள் சிப்பாயின் பக்கமே நின்றிருக்கின்றன. நிற்க.

தேதி என்று வரும்பொழுது காற்று திரும்பிவிடுகிறது. தர்செம் சிங் என்ற சிப்பாயை 1983 நவம்பர் 13-ல் வைத்தியக் காரணத்தால் பட்டாளத்திலிருந்து அனுப்பினார்கள். அவர் 1999-ல் ஹைக்கோர்ட்டுக்குப் போனார். தனி நீதிபதி பென்ஷன் உண்டென்றார். ஆனால் பாக்கித் தொகையை மனுவுக்கு முந்திய 38 மாதங்களுக்கு மட்டும் கொடுக்கச் சொன்னார். அப்பீலில் இரு நீதிபதிகள், 1983-லிருந்தே கொடுக்க வேண்டும், வட்டியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றார்கள். சர்க்கார் விடவில்லை. 2008 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டார் முடிவு சொன்னார்கள்: மாதந்தோறும் பென்ஷன் கொடுக்காமலிருப்பது தொடர்ந்து நிகழும் தவறு; ஆகையால் காலதாமதத்தைச் சொல்லி மனுவைத் தள்ள முடியாது; ஆனால் பழைய பாக்கி, மனுப் போட்ட தேதிக்கு முந்திய மூன்று வருஷத்துக்கு மட்டுமே. பதினாறு வருஷம் தவறு தொடர்ந்தது என்று கண்டார்கள். பதின்மூன்று வருஷத்தைத் தள்ளிவிட்டு மூன்றுக்குத் தீர்ப்பளித்தார்கள். பிற்காலத்தில் சிற்சில வழக்குகளில் இக்கட்டு தளர்ந்ததுண்டு. எனினும் சர்க்கார் வக்கீல்கள் முதலில் நீட்டுவது இந்தத் தீர்ப்பையே.

இத்தீர்ப்புக்கு நியாயம் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. நாமும் வக்கீல் தொழில் செய்தவர்களே. உரிமையின்மேல் படுத்து உறங்குபவனைச் சட்டம் எழுப்பிச் சோறு ஊட்டுவதில்லை. முப்பது வருஷத்துக்கு முந்திய காகிதம் கறையான் தின்றிருக்கும். சாட்சி சொல்லும் டாக்டர் இறந்திருப்பார். பொக்கிஷமும் எல்லையற்ற பாக்கியைச் சுமக்க முடியாது. தன்னுடைய காது கெட்டதை ஒருவருக்கும் சொல்லாமல் வந்து, பத்து வருஷம் கழித்து மனுச் செய்பவனுக்கு மனுத் தேதியிலிருந்து கொடுப்பதே முறை. வெளியேறிய பின் தாமதமாகத் தோன்றும் நோய்களுக்கும் விதிகளில் இடம் வைத்திருக்கிறார்கள். அங்கே போர்டு பார்த்துச் சொன்ன பின்பே உரிமை பிறக்கிறது என்றால் நாம் ஆட்சேபிக்கவில்லை.

ஆனால் நமது பெரியவரின் நிலை அதுவா? அவருடைய காதை அளந்தவர் சர்க்காரின் டாக்டர். இருபது சதவீதம் என்று எழுதியவர் அவரே. அளந்த தேதி அக்காகிதத்திலேயே இருக்கிறது. சேவையால் வந்ததல்ல என்று காரணமின்றி எழுதியவரும் அவரே. அக்காரணமற்ற வரிதான் தவறு என்று இப்பொழுது சட்டம் சொல்லுகிறது. எந்தச் சாட்சியும் தேட வேண்டியதில்லை. எந்த உண்மையும் புதிதாய்க் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கடன்பட்டவனே கையெழுத்திட்டுக் கொடுத்த சீட்டு இது. இப்படிப்பட்ட இடத்தில் காலக்கட்டு யாருடைய தூக்கத்துக்குத் தண்டனை? தவறாக எழுதியவர் மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட பாக்கியை மிச்சம் பிடித்துக்கொள்கிறார். தவறை நம்பியவர் அதை இழக்கிறார். சிப்பாய்க்குப் பதினேழு வருஷமாய்க் கற்பித்த பாடம் மேலதிகாரியின் உத்தரவைக் கேள்வி கேளாதே என்பது. அப்பாடத்தை அவன் நன்றாகப் படித்ததற்காக அபராதம் போடுவது எந்த நியாய சாஸ்திரம் என்று கேட்கிறோம்.

போர்டு வெளியேறும்பொழுதே ஊனத்தை எழுதி, காரணம் காட்டாமல் சேவைத் தொடர்பை மறுத்திருந்து, அம்மறுப்பு பின்னர் தவறென்று தீருமானால், பென்ஷன் வெளியேறியதற்கு மறுநாளிலிருந்தே ஓட வேண்டும். மற்றெல்லாவற்றிலும் மனுத் தேதி. இவ்விரு வகையையும் ஒரே கயிற்றில் கட்டியதே பிழை என்பது நமது அபிப்பிராயம்.

அமெரிக்காவில் எப்படி என்று பார்ப்பது பயன்படும். அங்கே முன்னாள் படைவீரர்கள் கோரும் ஊனங்களுள் காதிரைச்சலே முதலிடத்தில் நிற்கிறது. அதற்குப் பத்து சதவீதம் என்று வகுத்திருக்கிறார்கள். ஒரு காதில் இரைந்தாலும் இரு காதிலும் இரைந்தாலும் அதே பத்துத்தான். தேதியைப் பொறுத்தமட்டில் அவர்களும் தாராளமாய் இல்லை. வெளியேறிய ஒரு வருஷத்துக்குள் மனுச் செய்தவனுக்கு வெளியேறிய மறுநாளிலிருந்து பணம். அதற்குப் பின் வருபவனுக்கு, மனு வந்த நாளும் உரிமை பிறந்த நாளும் எவையோ அவற்றில் பிந்தியதிலிருந்து. ஆனால் அந்த ஒரு வருஷக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. மனுச் செய்யப் போகிறேன் என்று முன்னறிவிப்பு ஒன்று கொடுத்துத் தேதியைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். அதைவிட நாம் மெச்சுவது வேறொன்று. பட்டாளத்திலுள்ள ஒவ்வொரு வேலைக்கும் இரைச்சல் அதிகமா, நடுத்தரமா, சொற்பமா என்று ஒரு பட்டியல் தயாரித்து வைத்திருக்கிறார்கள். பீரங்கிக்காரன், தான் பீரங்கிச் சப்தத்தைக் கேட்டதாகச் சாட்சி தேட வேண்டுவதில்லை. (அந்நாட்டிலே காதடைப்பான் செய்து விற்ற 3எம் கம்பெனி, அதை அணிந்தும் காது கெட்டதென்று படைவீரர்கள் போட்ட வழக்குகளைத் தீர்த்துக்கொள்ள 2023-ல் 601 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்தது, தன்மேல் குற்றமுண்டென்று மட்டும் அது ஒப்பவில்லை. காதின் விலையை அங்கே சிலர் அறிந்திருக்கிறார்கள்.)

நமது நாட்டில் அத்தகைய பட்டியல் ஒன்றைத் தயாரிப்பது பெரிய காரியமன்று. எந்தப் படைப்பிரிவில் யார் எத்தனை வருஷம் இருந்தார் என்பது ராணுவ ஆவணங்களிலேயே இருக்கிறது. வெளியேறும் ஒவ்வொரு சிப்பாய்க்கும் செவிப் பரிசோதனை வரைபடத்தின் நகல் ஒன்றைக் கையில் கொடுப்பதும், போர்டின் முடிவையும் அப்பீல் செய்யும் காலக்கெடுவையும் அவனுடைய தாய்மொழியில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பதும் எவ்வளவு செலவாகும்? ஸ்பர்ஷ் என்ற பெயரால் பென்ஷன் நிர்வாகத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி வருகிறார்கள். நல்லது. இருபது சதவீதமும் அதற்கு மேலும் என்று போர்டு எழுதி, சேவையால் வந்ததல்ல என்று காரணமின்றித் தள்ளிய காகிதங்களைத் தேடி எடுத்துச் சர்க்கார் தானாகவே மறுபடி பார்க்குமாயின், எழுபது வயதுக் கிழவர்கள் ராமேசுவரத்திலிருந்து இரவு முழுவதும் ரயிலில் உட்கார்ந்து சென்னை ட்ரிப்யூனலுக்குப் போக வேண்டியிராது. அங்கே போனாலும், பேரைக் கூப்பிடுவது அவர்கள் காதில் விழ வேண்டுமே!

இது நடக்கும் வரையில் நமது தேசத் தொண்டர்கள் சும்மா இருக்கலாகாது. கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுவதைவிட, தத்தம் கிராமத்திலுள்ள பழைய பட்டாளத்துக்காரரின் தகரப் பெட்டியைத் திறந்து பார்ப்பது அதிக பிரயோசனமாயிருக்கும். பார்க்க வேண்டியவை இரண்டே காகிதங்கள்: வெளியேறும்பொழுது வைத்திய போர்டு எழுதியது, பென்ஷனை மறுத்து வந்த கடிதம். பெட்டியில் இல்லையென்றால் அவருடைய ரெஜிமெண்டின் ஆவணக் காரியாலயத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும்; தகவல் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கவே இருக்கிறது. புதிதாக வெளியேறியவர்களுக்கு, மறுப்புக் கடிதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல் போக வேண்டும். கெடு தாண்டியவர்கள் காரணத்தைச் சொல்லி எழுதட்டும். எழுதாமல் மட்டும் இருக்க வேண்டாம். ஒவ்வொரு மனுவும் ஸ்பீட் போஸ்டில் போகட்டும். ரசீது பெட்டியில் இருக்கட்டும். ஜில்லா தலைநகரிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுத உதவி கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

தாமதத்தின் விலையையும் அவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். மூன்று வருஷக் கட்டு இருக்கும் வரையில், மனுத் தேதி ஒரு மாதம் தள்ளினால், பின்னாலே ஒரு மாதத்துப் பாக்கி உதிர்ந்துவிடுகிறது. மாதம் 6,000 ரூபாய்க்கு உரியவன் அறுப்பு முடியட்டும், திருவிழா போகட்டும் என்று நாலு மாதம் பொறுத்தால் 24,000 ரூபாயைச் சர்க்காருக்குத் தானமாகக் கொடுக்கிறான்.

பெரியவரிடம் இதைச் சொன்னோம். அதாவது ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழிதிக் காட்டினோம். அவர் இருமுறை படித்தார். “அப்ப இன்னைக்கே எழுதுங்கய்யா” என்றார். வெளியேறிய மறுநாளிலிருந்து முழுப் பாக்கியும் வேண்டும், அது முடியாதென்றால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று மனு தயாரிக்கப்பட்டு, அன்று மாலைத் தபாலிலேயே போயிற்று.